வானொலியில் நீ சொல்லாமல் விட்டது

தாஸா, செவ்வாய்க்கிழமை

அன்பு மகள் விதாதுக்கு அம்மா எழுதுவது. அல்லாஹ்வின் அருளால் நானும் உன் வாப்பாவும் நடமாடிக்கொண்டிருக்கிறோம், லியோன் நகரத்துக் குளிரில் நீயும் சுகமாக இருக்க வேண்டும். நலம் விசாரிப்பது இதோடு போதும், உன் மேல் எனக்கு அவ்வளவு கோபம். போனில் சொன்னால் குறுக்கே பேசுவாய், அதனால்தான் நாளை அங்கே புறப்படும் பக்கத்து வீட்டுக்காரரிடம் இதைக் கொடுத்தனுப்புகிறேன்.

யம்னா அத்தை பதினோரு நாளாக ஆஸ்பத்திரியில் கிடக்கிறாள். கோடையில் நீ வந்தபோது உள்ளூர் வானொலிக்காரர் உன்னைப் பேச வைத்தாரே, நம் மலையில் முளைக்கும் ஜஅதாச் செடியிலிருந்து ஒரு சரக்கைப் பிரித்தெடுத்தோம், அதன் மூலக்கூறில் ஒரு முனையை மாற்றிப் பன்னிரண்டு புதுச் சேர்மங்கள் செய்தோம், அதில் ஒன்று எலிகளுக்குச் சர்க்கரையைக் குறைத்தது என்றாய். ஊரில் ஒருவர் காதிலும் முனையும் விழவில்லை, எலியும் விழவில்லை. ஜஅதா, சர்க்கரை, இரண்டே சொல்தான் விழுந்தது. சந்தையில் மூலிகை விற்கும் புஷைப் உன் படத்தைப் பத்திரிகையிலிருந்து வெட்டி ஜஅதா மூட்டையில் ஒட்டிவிட்டான். நான் போய்க் கிழித்தேன், மகள் படத்தைப் பார்த்தால் பெருமைப்படுவீர்கள் என்று நினைத்தேனே என்று என்னிடமே குறைப்படுகிறான்.

அத்தை தன் சர்க்கரை மாத்திரையை நிறுத்திவிட்டு நாற்பது நாள் காலையும் மாலையும் அந்தக் கசப்பைக் காய்ச்சிக் குடித்திருக்கிறாள், எங்களிடம் மூச்சு விடவில்லை. வெள்ளிக்கிழமை கூஸ்கூஸ் சாப்பிட வந்தவளின் கண்ணைப் பார்த்து உன் வாப்பா பதறிப்போனார், அப்படி மஞ்சள். ஈரல் கெட்டுவிட்டது, இன்னும் ஒரு வாரம் போயிருந்தால் கைமீறியிருக்கும் என்றார் டாக்டர். அன்றே உனக்குப் போன் செய்து, அந்த முனையை எதற்கு மாற்றினீர்கள் என்று கேட்டேன். செடியில் இருக்கிறபடியே விட்டால் ஈரலைக் கெடுக்கும், அதற்காகத்தான் மாற்றினோம் என்றாய். தெரிந்திருந்தும் அதை ஏனடி வானொலியில் சொல்லவில்லை? நேரம் போதவில்லையாம். பேராசிரியர் பெயரைச் சொல்ல நேரம் இருந்தது, உங்கள் ஆய்வுக்கூடத்துப் புது எந்திரத்தைப் பற்றிச் சொல்ல நேரம் இருந்தது. அப்புறமாவது புத்தி வந்ததா, பதினாலு பக்கப் பிரெஞ்சுக் கட்டுரையை அனுப்பி அத்தைக்குக் காட்டச் சொல்கிறாய். தன் பெயரையே எழுதத் தெரியாதவள் அவள்.

நேற்று மஞ்சள் கொஞ்சம் இறங்கி, ஹரீரா சூப்பு அரைக் கிண்ணம் குடித்தாள். விரிப்பை உதறப் போனால் தலையணைக்கு அடியில் ஜஅதாப் பொட்டலம். பிடுங்கப் போன என் கையைப் பிடித்துக்கொண்டாள். “டாக்டரு ஆயிரம் சொல்லட்டும் மதினி, என் அண்ணன் மக கண்டுபிடிச்சது என்னைக் கொல்லுமா? அவ வாயால சொல்லட்டும், தூக்கிப் போடுறேன்” என்றாள். நம் தெருவில் இன்னும் மூன்று வீட்டில் காய்ச்சிக்கொண்டிருக்கிறார்கள், நான் சொன்னால் வைத்தியச்சியா நீ என்று சிரிக்கிறார்கள்.

இதைப் படித்த அன்றே அத்தைக்குப் போன் செய். வானொலிக்காரரிடமும் பேசிவிட்டேன், வரும் திங்கள் காலை பத்து மணிக்கு உன்னைக் கூப்பிடுவார், கூட்டம் இருக்கிறது என்று நழுவாதே. வாயைத் திறந்ததும் முதல் வார்த்தையாக, ஜஅதாவைக் குடிக்காதீர்கள், மாத்திரையை விடாதீர்கள் என்று சொல், தெரிந்தும் சொல்லாமல் விட்டேன் என்பதையும் சொல். அவமானமாக இருக்கும், இருக்கட்டும்.

கோபம் தீரவில்லை, ஆனாலும் ஒவ்வொரு தொழுகையிலும் உனக்காகத்தான் முதலில் கையேந்துகிறேன். அல்லாஹ் உன் அறிவிலும் நாவிலும் பரக்கத் செய்யட்டும். மறந்துவிடாதே, ஈரல் என்றே சொல், நீங்கள் வைத்திருக்கும் பெயரெல்லாம் அத்தைக்குப் புரியாது.

உன் அம்மா,
ஃபாதிஹா