மூன்று வேளை மந்து

செப். 12, திங்கள்

மூட்டம். மழை இல்லை. சத்தியவேடு – திருப்பதி காலை டிரிப், கூட்டம் சுமார். காக்கிச் சட்டையில் இரண்டு பொத்தான் போச்சு, வீட்டில் சரோஜாவிடம் சொல்ல வேண்டும்.

மாலை டிரிப்பில் விசில் ஊதவில்லை. விசிலில் கோளாறு இல்லை, வாயில்தான். உதட்டைக் குவித்தால் குவிவதில்லை. காற்று இரண்டு பக்கமும் ஓடிப்போகிறது. திருச்சானூர் நிறுத்தத்தில் ஊதி ஊதிப் பார்த்துவிட்டு, கடைசியில் தகரத்தைத் தட்டி வண்டியைக் கிளப்பினேன். முன் சீட்டுப் பூக்கூடைக்காரி: "இன்னா கண்டக்டரு, ஊதறதுக்குக் கூட சத்து இல்லியா? வூட்ல சோறு போடறாங்களா இல்லியா?" பஸ் முழுக்கச் சிரிப்பு. நானும் சிரிக்கப் பார்த்தேன். அதுவும் வரவில்லை, பல்லை இளித்த மாதிரி பாதியில் நின்றுவிட்டது.

டிரைவர் மஸ்தான் பாய் கண்ணாடியில் பார்த்துக்கொண்டே வந்தார்.

செப். 13, செவ்வாய்

காலையில் எல்லாம் சரி. விசில் ரயில் கார்டு மாதிரி. கண் பளிச்சென்று. எரிச்சலே இதுதான், காலையில் பார்க்கிற எவனும் என்னை நோயாளி என்று சொல்ல மாட்டான். பொழுது சாயச் சாய நானும் சாய்கிறேன். முதலில் இடது இமை, பிறகு வலது. எதிரே இருக்கிறவரைப் பார்க்க வேண்டுமானால் தலையை அண்ணாந்துகொள்ள வேண்டும். பேச்சு மூக்கு வழியாக. மாலையில் "நாராயணவனம்" என்று கூவினால் எனக்கே விளங்கவில்லை.

இப்படி ஆறு மாதமாகக் கொஞ்சம் கொஞ்சமாக. யாரிடமும் சொல்லவில்லை. என்னவென்று சொல்வது?

ராத்திரி சோறு பாதிக்கு மேல் மெல்ல முடியவில்லை. தாடைக்குக் கையை முட்டுக்கொடுத்துச் சாப்பிட்டேன். தண்ணீர் மூக்கில் ஏறிற்று.

சரோஜா தட்டை எடுக்கக் குனிந்தாள். தேவைக்கு மேல் கிட்டே வந்தாள். என் வாயை மோந்து பார்க்கிறாள் என்று தெரிந்தது. தெரியாத மாதிரி இருந்துவிட்டேன். கல்யாணத்துக்கு முன்னும் பின்னும் ஒரு சொட்டு தொட்டதில்லை நான்.

நாகலாபுரம் வைத்தியரின் லேகியம், பலவீனத்துக்கு. வேளைக்கு ஒரு உருண்டை, மூன்று வேளை. இதுவரை கண்ட பலன் வாய்க் கசப்பு.

செப். 15, வியாழன்

மானம் போச்சு. வேலையும் போன மாதிரிதான்.

மாலை டிரிப். புத்தூரில் செக்கிங் இன்ஸ்பெக்டர் ஏறினார். புது ஆள், நெல்லூருக்கு அப்பால் எங்கேயோ. தமிழ் அறவே இல்லை. ஏப்ரலில் எங்கள் சத்தியவேட்டை ஆந்திராவோடு சேர்த்த பிறகு கம்பெனி போர்டையும் மாற்றிவிட்டது, ஆளையும் மாற்றிவிட்டது. என் தெலுங்கு சந்தையில் கத்தரிக்காய் பேரம் பேசுகிற தெலுங்கு. அதைக் கம்பெனி மாற்றவில்லை.

பெயர் கேட்டார். சொன்னேன், கொழகொழவென்று வந்தது. இரண்டு இமையும் பாதி. கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றேன். ஏற இறங்கப் பார்த்தார்.

"ஏமய்யா, மந்து வேசுகுன்னாவா?"

மந்து என்றால் மருந்து. அது எனக்குத் தெரியும். மருந்து சாப்பிட்டாயா என்கிறார். ஆஹா, முகத்தைப் பார்த்தே உடம்பு சரியில்லை என்று கண்டுகொண்டாரே, பெற்ற தாய் மாதிரிக் கேட்கிறாரே என்று நெஞ்சு குளிர்ந்துபோயிற்று. தெரிந்த தெலுங்கையெல்லாம் திரட்டி மரியாதையாகச் சொன்னேன்:

"அவுனண்டி. ரோஜூ மூடு பூட்டலா." ஆமாங்க, தினமும் மூன்று வேளை.

பஸ்ஸில் தெலுங்கு தெரிந்த பாதி சிரித்தது. தெரியாத பாதி, அவர்கள் சிரித்ததைப் பார்த்துச் சிரித்தது. இன்ஸ்பெக்டர் மட்டும் சிரிக்கவில்லை. பையையும் டிக்கெட் கட்டையும் வாங்கிக்கொண்டார். திங்கட்கிழமை சாயங்காலம் திருப்பதி ஆபீசுக்கு வந்து மேனேஜரைப் பார்க்க வேண்டுமாம். மதுவிலக்குப் போலீசிடம் பிடித்துக் கொடுக்காமல் விடுவதே தயவாம்.

திருப்பதியில் இறங்கிய பிறகுதான் பாய் விளக்கினார். "தம்பி, அவுங்க ஊர்ல சாராயத்துக்கும் மந்துன்னுதான் சொல்றாங்கோ. தெனம் மூணு வேள ஊத்திக்கறேன்னு நீயே வாயால ஒத்துக்கினியே!"

வாய் அப்போது மூடவும் இல்லை, திறக்கவும் இல்லை.

செப். 16, வெள்ளி

வீட்டில். வெயில் சுள்ளென்று. சட்டைப் பொத்தான் தைத்தாயிற்று, போட்டுக்கொண்டு போக இடம் இல்லை.

எனக்கு முன்னால் சேதி ஊர் வந்து சேர்ந்திருக்கிறது. காலையில் கிணற்றடியில் காதில் விழுந்தது. "மூணு வேளயாமே!" "காலைலயே கூடவா?" "பல்லு வெளக்கறதுக்கு முந்தியா பிந்தியா, கேளு."

சரோஜா குடத்தை இறக்கி வைத்துவிட்டு நேராகக் கேட்டாள். அழவில்லை.

"குடிக்கிறியா நீ? குடிச்சா குடிச்சேன்னு சொல்லிடு. நான் இன்னா பண்றதுன்னு யோசிக்கணும்."

"இல்ல."

"அப்ப இன்னாதான்யா ஒனக்கு?"

"தெரியல சரோஜா."

"தெரியலன்னா போயி தெரிஞ்சிக்கினு வரலாம், எழுந்திரு" என்றாள். நம்பிவிட்டாள். ஒரு சத்தியம் கேட்கவில்லை, சூடம் அடிக்கச் சொல்லவில்லை. இவளுக்கு நான் என்ன செய்திருக்கிறேன் என்று தெரியவில்லை.

சாயங்காலம் பாய் வந்தார். நாளை லீவாம். புரட்டாசி முதல் சனிக்கிழமை டிரைவருக்கு லீவா! மேனேஜரிடம் என்ன பொய் சொன்னாரோ. "கண்ணாடில தெனம் ஒன்ன பாத்துக்கினுதான வரேன். குடிக்கறவன் காலைல தள்ளாடுவான், சாயங்காலம் ஏத்திக்கினா நேரா நிப்பான். நீ தலகீழா கீற. ஆஸ்பத்திரிக்குப் போலாம் வா."

செப். 17, சனி

பஸ் கொள்ளாத கோவிந்தா. நான், சரோஜா, பாய். டிக்கெட் வாங்கி உட்கார்ந்து போவது வேலைக்குச் சேர்ந்த பிறகு இதுதான் முதல் தடவை. கண்டக்டர் பையன் மீதிச் சில்லறையை மறந்தான், தொழில்காரன் ஆச்சே என்று விட்டுவிட்டேன்.

திருப்பதி பெரிய ஆஸ்பத்திரி. வரிசையில் மத்தியானம் தாண்டிவிட்டது. அதுவும் நல்லதற்கே. என் முறை வந்தபோது முகம் தொங்கிவிட்டது, டாக்டர் கண்ணால் பார்த்தார்.

லேடி டாக்டர். குண்டூர்ப் பக்கத்தவர், மெட்ராஸில் படித்ததால் தமிழ் வருகிறது. "குடிப்பீங்களா?" என்று முதல் கேள்வியாகக் கேட்கவில்லை, அதற்கே கும்பிடலாம். தலையை அசைக்காமல் மேலே பார்க்கச் சொன்னார். மேலே ஒரு மின்விசிறி. பார்த்துக்கொண்டே இருந்தேன். இமை மெல்ல மெல்ல இறங்கி விசிறியை மறைத்துவிட்டது. கன்னத்தை உப்பச் சொல்லி விரலால் தொட்டார், புஸ்ஸென்று காற்று போய்விட்டது. எழுந்து போய் ஊசியோடு வந்தார்.

சரோஜா குறுக்கே நின்றாள். "அம்மா, இது மருந்துதான? மந்து இல்லியே?" டாக்டருக்குப் புரியவில்லை. பாய் கதையைச் சொன்னார். அந்த அம்மாள் ஊசியைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தார்.

ஊசி போட்டு, உட்கார வைத்தார்கள். முதலில் வயிறு கலங்கிற்று. வாயில் எச்சில் ஊறிற்று. தோள் சதை தானாக நெளிந்தது, பயந்துபோனேன். பிறகு மழை விட்டதும் பஸ் படுதாவைச் சுருட்டிக் கட்டுவோமே, அந்த மாதிரி இமை மேலே போயிற்று. இரண்டும்.

எதிரில் சரோஜா. தலையை அண்ணாந்துகொள்ளாமல் அவள் முகத்தைப் பொழுது சாய்ந்த வேளையில் பார்த்து எத்தனை மாதம்! மூக்குத்தி கொஞ்சம் சாய்ந்திருந்தது. "இன்னா அப்படிப் பாக்கற?" என்றாள். "பாக்க முடியுதே" என்றேன். குரல் மூக்கில் இல்லை, தொண்டையில் இருந்தது. அதைக் கேட்டதும் அவள் அழுதாள். அதுவரை ஒரு சொட்டு விடாதவள். நானும் அழுதேன். பாய் ஜன்னல் பக்கம் திரும்பி மூக்கைச் சிந்தினார்.

டாக்டர் சொன்னது, எனக்குப் புரிந்த வரை: மூளை சரி, நரம்பு சரி, சதையும் சரி. நரம்பு போட்ட உத்தரவு சதைக்குப் போய்ச் சேருவதில்தான் கோளாறு. நடுவில் ஒரு ரசம் சுரந்து உத்தரவைக் கொண்டுபோகுமாம். என் உடம்பில் அது சதைக்குச் சரியாக உறைப்பதில்லை. இந்த மருந்து ரசத்தைச் சீக்கிரம் கரையவிடாமல் நிறுத்தி வைக்கிறது. என் கணக்கில்: கண்டக்டர் விசில் ஊதுகிறான், டிரைவர் காதில் விழவில்லை. மருந்து, சத்தத்தைக் கூட்டி வைக்கிறது.

"பூரா தீருமா?" என்று கேட்டேன். "தீரும்னு பொய் சொல்லமாட்டேன். சில பேருக்கு நல்லாவே அடங்கும். மாத்திரையோட வேலைக்குப் போகலாம். ஆனா நல்லா இருக்கேன்னு விடவும் கூடாது, இன்னும் நல்லா இருக்கட்டும்னு ரெண்டு சேத்துப் போடவும் கூடாது. ஜாஸ்தியானாலும் சதை இதே மாதிரி விழுந்துடும். மூச்சும் நின்னுடலாம்."

வியாதி பெயர் மயஸ்தீனியா. "மஸ்தான் அண்ணன் பேரு மாதிரியே கீது" என்றாள் சரோஜா. பாய், "எம்பேர எதுல எல்லாம் சேக்கறீங்க" என்று சண்டைக்கு வந்தார்.

மாத்திரை எத்தனை வேளை என்று கேட்டேன். டாக்டர் வாயைத் திறப்பதற்குள் பாய் சொன்னார்: "மூடு பூட்டலா!"

செப். 18, ஞாயிறு

தூறல். ஊசி வேகம் நேற்று ராத்திரியே இறங்கிவிட்டது. இன்று முதல் மாத்திரை.

நல்லது: சோறு முழுசாக, கையால் முட்டுக்கொடுக்காமல். தண்ணீர் தொண்டையோடு போகிறது. சிரிப்பு வருகிறது.
கெட்டது: வயிற்று முறுக்கல். வேர்வை. எச்சில், துண்டு தனியாக வேண்டும். கொல்லைக்கு நாலு நடை.

நாலு நடையும் சந்தோஷமாகவே போனேன்.

ஒன்று எழுதி வைக்க வேண்டும். இந்த ஆறு மாதத்தில் நான் சோம்பேறி, எனக்கு மனசில் தெம்பு இல்லை என்று எனக்கு நானே முடிவு கட்டியிருந்தேன். ஒரு துளி மருந்து உள்ளே போனதும் அந்த நினைப்பும் இமையோடு சேர்ந்து விலகிவிட்டது. அப்படியானால் தெம்பு என்பது மனசில் இருக்கிறதா, அந்த ரசத்தில் இருக்கிறதா? டாக்டரைக் கேட்க வேண்டும். எங்கே இருந்தாலும் வந்தது, பெருமாளே, அது போதும்.

நாளை ஆபீஸ். வயிறு முறுக்குவது மாத்திரையாலா பயத்தாலா, தெரியவில்லை.

செப். 19, திங்கள்

யோசனை சரோஜாவுடையது. "மாத்திரைய போட்டுக்கினு பளபளன்னு போயி நின்னா, குடிய வுட்டுட்டு வந்திருக்கான்னு சொல்லுவாங்க. மத்தியான மாத்திரைய போடாத. அன்னிக்கி எப்படி இருந்தியோ அப்படியே போயி நில்லு. அவுங்க கண்ணு முன்னால போட்டுக்க." விடக்கூடாது என்று டாக்டர் சொன்னதை நினைவுபடுத்தினேன். பயம்தான் அவளுக்கும். ஆனால் வேறு வழி சொல்லு என்றாள். மத்தியான மாத்திரையை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டேன்.

சாயங்காலம் ஆபீசுக்குள் நுழையும்போது இரண்டு இமையும் கீழே. மேனேஜர், இன்ஸ்பெக்டர். என்னைப் பார்த்ததும் இன்ஸ்பெக்டர், "சூடண்டி, ஈரோஜூ கூடா!" பாருங்கள், இன்றைக்கும் கூட என்கிறார். பாய் தெலுங்கில் எல்லாம் சொன்னார். டாக்டர் சீட்டைக் காட்டினார். மேனேஜர் சீட்டைப் பார்க்கவே இல்லை. குடிகாரனுக்கும் டாக்டர் சீட்டு கிடைக்கும் என்றார்.

"மோந்து பாருங்கய்யா" என்றாள் சரோஜா. யாரும் அசையவில்லை. அவள் என் தாடையைப் பிடித்து இன்ஸ்பெக்டர் பக்கம் திருப்பினாள். பாவம், மோந்து பார்த்தார். லேகிய வாடைகூட இல்லை.

மாத்திரையை வாயில் போட்டேன். விழுங்க முடியவில்லை. தண்ணீர் மூக்கால் வந்தது, இருமல், மூச்சு முட்டிற்று. ஒரு நிமிஷம், தப்புக் கணக்குப் போட்டுவிட்டோம், இங்கேயே முடிந்தது என்று நினைத்தேன். சரோஜா முதுகைத் தட்டி, மாத்திரையை வெளியே வாங்கி, டீ ஸ்பூனில் நசுக்கி, சொட்டுத் தண்ணீரில் குழைத்து நாக்கில் தடவினாள். மெல்ல இறங்கிற்று.

பிறகு காத்திருந்தோம். மருந்து ஊசி மாதிரி ஓடி வராது, நடந்து வரும். மேனேஜர் பேப்பர் படித்தார். டீ வந்தது. மேனேஜர் கடியாரத்தைப் பார்த்துவிட்டுக் கிளம்ப எழுந்தார். இன்ஸ்பெக்டர்தான், "உண்டண்டி, உண்டண்டி" என்று கையமர்த்தினார். இருங்கள் என்று. என் முகத்தை விட்டு அவர் கண் எடுக்கவில்லை. இடது இமை ஏறியதை முதலில் பார்த்தது அவர்தான்.

வலது இமையும் ஏறிற்று. நிமிர்ந்து, பெயர், ஊர், நம்பர் எல்லாம் சொன்னேன், தெலுங்கிலேயே. பாய் சட்டைப்பையிலிருந்து என் விசிலை எடுத்து நீட்டினார். அன்றைக்குப் பையோடு போனதை எப்போது எடுத்தாரோ. ஊதினேன். ஆபீஸ் வாசலில் நின்றிருந்த வண்டியின் டிரைவர் எஞ்சினைக் கிளப்பிவிட்டான்.

இன்ஸ்பெக்டர் வாயில் கைவைத்துக்கொண்டார். "ஏமி மந்தய்யா இதி!" என்ன மருந்தய்யா இது என்று.

சனிக்கிழமை முதல் டூட்டி. படி ஏறி இறங்கும்போது சிரமமானால் சொல்லிவிட வேண்டும், மறைக்கக் கூடாது என்று மேனேஜர். சரி என்றேன். இறங்கும்போது இன்ஸ்பெக்டர் தோளைத் தட்டினார், தெலுங்கில் ஏதோ சொன்னார். எனக்கு விளங்கவில்லை. பாய், "மன்னிச்சிக்கோன்றார்" என்றார்.

நன்றி சொல்ல வேண்டியவர்கள்: டாக்டரம்மா, பாய், நெல்லூர் மூக்கு, பெருமாள். சரோஜாவுக்கு நன்றி என்று சொன்னால் அடிக்க வருவாள், பூ வாங்கிப் போகலாம்.

செப். 24, சனி

நல்ல வெயில். இரண்டாம் சனி, நெரிசல். மாத்திரை மூன்றும் சோற்றுக்கு முன்னால், நேரம் தவறாமல். மதியம் வயிற்று முறுக்கல், புத்தூரில் வண்டி ஐந்து நிமிஷம் எனக்காக நின்றது. ஜனங்கள் திட்டினார்கள்.

மாலை டிரிப். புத்தூரில் இன்ஸ்பெக்டர் ஏறினார். எல்லார் முன்னாலும், "மந்து வேசுகுன்னாவா?" "அவுனண்டி. மூடு பூட்டலா." பஸ் சிரித்தது. இந்தத் தடவை அவரும்.

திருச்சானூர். வெளிச்சம் போய்க்கொண்டிருந்தது. இமை கொஞ்சம் கனம், ஆனால் திறந்தே இருந்தது. கடைசி ஆள் ஏறியதும் விசிலை எடுத்து ஊதினேன். நீளமாக, சுத்தமாக. வண்டி நகரவில்லை. முன்னால் எட்டிப் பார்த்தேன். பாய் ஸ்டீயரிங்கில் கைவைத்தபடி கண்ணாடியில் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"என்ன பாய், கேக்கலியா?"

"கேட்டுச்சி. இன்னொரு தபா ஊது."