நீ தின்ற கூட்டுப்புழுவும் நான் போட்ட ஈர இலையும்

தொரப்பள்ளி
20.9.2006

அன்பு மகன் முனிராஜுக்கு அப்பா கோவிந்தப்பன் எழுதுவது. இங்கே நான், உன் அம்மா, தங்கச்சி வினோதா மூன்று பேருக்கும் உடம்புக்கு ஒரு குறையும் இல்லை. கொரியாவில் நீயும் வேளைக்குச் சாப்பிட்டு, குளிருக்குப் போர்த்திக்கொண்டு நன்றாக இருக்க வேண்டும். மூன்று ஞாயிறாக நீ போன் செய்யும்போதெல்லாம் அம்மா குளிக்கிறாள், தோட்டத்தில் இருக்கிறாள், கெலமங்கலம் சந்தைக்குப் போயிருக்கிறாள் என்று நான் சொன்னது அத்தனையும் பொய். போன ஞாயிறு அவள் என் பக்கத்திலேயே உட்கார்ந்து வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாள். அம்மாவுக்கு ஏதாவது ஆகிவிட்டதா, மறைக்கிறீர்களா என்று நீ கேட்ட குரல் அப்படியே காதில் நிற்கிறது. அவளை வைத்துக்கொண்டு போனில் சொல்ல முடியாததை இதில் எழுதுகிறேன்.

போன மாதம் உன் கடிதம் வந்த அன்று அம்மா பட்டுப்புழுக் கொட்டகையில் தட்டுகளுக்கு மல்பெரி இலை போட்டுக்கொண்டிருந்தாள். நான்தான் பெரிய வாத்தியார் மாதிரி கண்ணாடியை மாட்டிக்கொண்டு அங்கேயே நின்று சத்தமாகப் படித்தேன். பக்கத்து நிலத்து வெங்கடப்பனும் வாசலில் நின்று கேட்டான். கடலில் பிடித்த எட்டுக்கால் பிராணியை நறுக்கி, அது நெளிய நெளியவே தின்கிறார்கள், கூட வேலை செய்யும் சீனாக்காரன் ஊரில் தேளைக் குச்சியில் குத்திப் பொரித்து விற்கிறார்கள் என்றெல்லாம் நீ எழுதியிருந்தாய். "ஏம்ப்பா கோவிந்தப்பா, அத கொடுக்கோட திங்கறதா, கிள்ளிப் போட்டுட்டுத் திங்கறதா?" என்று வெங்கடப்பன் கேட்க, அம்மா கூட முந்தானையால் வாயை மூடிக்கொண்டு சிரித்தாள். அந்தச் சிரிப்பின் வேகத்தில் அடுத்ததையும் படித்துவிட்டேன். சூப்பர்வைசர் வீட்டு விருந்தில் பட்டுக்கூட்டுக்குள் இருக்கிற புழுவை அவித்துக் கிண்ணத்தில் வைத்தார்கள், பார்த்ததுமே இன்னதென்று தெரிந்தது, அந்த வீட்டம்மா என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்கள், தின்றுவிட்டேன் என்று எழுதியிருந்தாய். அம்மாவிடம் சொல்ல வேண்டாம் என்று நீ எழுதிய வரி பக்கத்தைத் திருப்பினால்தான் இருந்தது. முழுக் கடிதத்தையும் முதலில் மனசுக்குள் படிக்கத் தெரியாதவனை எட்டாம் வகுப்பு வரை எப்படிப் பாஸ் போட்டார்களோ.

கொட்டகைக்குள் செருப்பு கூடாது, கறி சமைத்த கையோடு வரக்கூடாது, சாவுப் பேச்சு கூடாது என்று அம்மா எப்படி இருப்பாள் என்பது உனக்கே தெரியும். அவள் கையிலிருந்த இலையைக் கீழே வைத்துவிட்டு வெளியே போனாள். மூன்றாம் நாள் புழுக்கள் இலையைத் தொடவில்லை. உடம்பு தளர்ந்து, கறுத்து, தட்டுத் தட்டாக விழுந்தன. கூடு கட்ட நாலே நாள் இருந்தது. குழி வெட்டிச் சுண்ணாம்பு போட்டுப் புதைத்தோம். வினோதா மூக்கைப் பொத்திக்கொண்டு அழுதாள். அம்மா அழவில்லை. "பெத்த புள்ளயே தின்னுட்டான், அதுங்க காதுல விழாமயா இருக்கும்?" என்றாள். இனி புழு முட்டை வாங்கப் போவதில்லை, உன்னோடு பேசப் போவதும் இல்லை என்று சொல்லிவிட்டாள்.

நானும் சும்மா இருக்கவில்லை, நியாயம் பேசினேன். நான் வேலை செய்யும் கம்பெனிக்கு மிஷின் மாட்ட வந்த கொரியா இன்ஜினியர் கேன்டீனில் நம் களியை விழுங்கத் தெரியாமல் மென்று மென்று பல்லில் ஒட்டி முழித்ததையும், தயிரைப் பார்த்து, கெட்டுப்போன பாலையா ஊற்றிக்கொள்கிறீர்கள் என்று கேட்டதையும் சொன்னேன். மழை விட்டால் அவளே ஈசலைப் பிடித்து அரிசியோடு வறுத்துத் தருகிறாளே, வெங்கடப்பன் அதைக் கண்டால் எழுந்து ஓடுகிறானே என்றேன். "ஈசல நானா வளத்தேன்?" என்று கேட்டாள். நாம் விற்கிற கூட்டையும் வெந்நீரில் போட்டுத்தான் நூல் எடுக்கிறார்கள் என்று நாக்கு நுனி வரை வந்தது. அது அவளுக்குத் தெரியாதா என்ன. கூட்டைக் கொண்டுபோய் மார்க்கெட்டில் கொட்டும்போது இத்தனை வருஷமாக அவள் திரும்பிப் பார்த்ததே இல்லை.

இனிதான் நான் எழுத வேண்டியது. உன் கடிதம் வருவதற்கு முந்தின நாள் அம்மா பாகலூரில் ஒரு துக்க வீட்டுக்குப் போயிருந்தாள். மழை பெய்தது. இலையை நிழலில் பரப்பி, ஈரம் போன பிறகு போடு என்று நாலு தடவை சொல்லிவிட்டுத்தான் பஸ் ஏறினாள். நான் முதல் ஷிப்ட் முடிந்து வந்தவன், கண்ணைச் சொக்கியது, ஈரத்தோடு அப்படியே அள்ளிப் போட்டுவிட்டுப் படுத்துவிட்டேன். இரண்டு வேளையும் அதே இலைதான். புழு செத்தது அதனால்தான். அவள் உன் மேல் பழி போட்டபோது எனக்குத் தெரியும், தெரிந்தும் வாயை மூடிக்கொண்டு இருந்தேன். நீ அங்கே தவிக்க, நான் இங்கே களி தின்றுகொண்டிருந்தேன்.

நேற்று அவள் காலித் தட்டுகளைக் கழுவி வெயிலில் சாய்த்துக்கொண்டிருந்தபோது சொல்லிவிட்டேன். திட்டுவாள் என்று எதிர்பார்த்துத் தலையைக் குனிந்தேன். அவள் தட்டைக் கீழே வைத்துவிட்டு ஈரத் தரையிலேயே உட்கார்ந்தாள். "மூணு வாரம். அந்தப் புள்ள மூணு வாரம் கூப்பிட்டுச்சி, நீ பக்கத்துல மரம் மாதிரி உக்காந்திருந்த" என்றாள். இத்தனை வருஷத்தில் என்னை வாங்க, போங்க என்றே சொல்லி வந்தவள். ராத்திரி எனக்குக் களி மட்டும் வந்தது, குழம்பு வரவில்லை. இன்று காலை அடுப்பைப் பார்த்துக்கொண்டே, "அந்த வீட்டம்மா அதுல உப்பு, காரம் ஏதாவது போட்டுச்சாமா, வெறுசாவே அவிச்சிதாமா?" என்று கேட்டாள். எனக்குத் தெரியாது, உன் மகனைக் கேள் என்றேன். சரி என்றாள்.

வெறும் வயிற்றில் வேலைக்குப் போகாதே, கையுறை போடாமல் மிஷினில் கை வைக்காதே. இந்தக் கடிதம் வந்து சேர்ந்ததும் ஞாயிறு வரை காத்திராமல் போன் செய். அம்மாதான் எடுப்பாள். எடுத்ததும் நீ மன்னிப்புக் கேட்காதே, கேட்க வேண்டிய ஆள் இங்கே இருக்கிறேன். அந்தக் கிண்ணத்தில் என்ன இருந்தது, எப்படி இருந்தது என்று அவள் கேட்பதற்கு உள்ளதை உள்ளபடி சொல்.

எந்தத் தேசத்து இலையில் சாப்பிட்டாலும் உன் வயிறு குளிர்ந்திருக்க ஆசீர்வதிக்கும்
உன் அப்பா
மு. கோவிந்தப்பன்