சிங்கத்தின் கீழே ஒரு கோடு

பிப்ரவரி 6, 2024

இன்றும் பத்து ரூபாய்க் காசுக்குச் சண்டை. மீன் விற்றுவிட்டு என் மளிகைக் கடைக்கு வந்த பட்டம்மாள், நான் கொடுத்த மீதிக் காசைத் திருப்பித் தள்ளினாள். "இது செல்லாதுமே. நோட்டா குடு."

வயதில் பெரியவள்தான். ஆனாலும் எனக்குச் சுருக்கென்று ஏறிவிட்டது. "சர்க்கார் அடிச்ச காசு. செல்லாதுன்னு உங்க காதுல வந்து யார் சொன்னா?"

"பஸ்ஸுல வாங்க மாட்டேன்றான், நீ சட்டம் பேசிகினு கீற" என்று முனகிக்கொண்டே முந்தானையில் முடிந்துகொண்டாள்.

திருவொற்றியூரில் பாதிப் பேருக்கு இந்தக் காசு ஆகாது. எனக்கு அதுதான் வசதி. எல்லோரும் என் கல்லாவில் கொண்டுவந்து தள்ளுகிறார்கள், நான் ஒவ்வொன்றாகப் பார்க்கிறேன். அச்சு விலகியது, எழுத்து இரட்டையாக விழுந்தது, நடுவட்டம் ஒதுங்கியது, எதுவானாலும் என் பிஸ்கட் டப்பாவுக்குப் போகும். என் வீட்டுக்காரர் அஜினுக்கு எரிச்சல். "கடைக்கு வாரவன் முகத்தைப் பாரு, காசைப் பாக்காத" என்கிறார். முகத்தில் என்ன பிழை கண்டுபிடிக்கிறதாம்?

பிப்ரவரி 9

கிடைத்துவிட்டது! பத்து ரூபாய். சிங்கத்தின் காலடியிலிருந்து விளிம்புவரை மெல்லிய கோடு. கீறல் இல்லை, மேடு. நகத்தால் தடவினால் தட்டுப்படுகிறது. நாணயசாலையில் அச்சு விரிசல் விட்டால், அதில் அடித்த காசெல்லாம் இப்படித்தான் பிறக்கும்.

இதற்கு ஓர் அக்கா உண்டு. நான் முதன்முதலில் கண்டுபிடித்த பிழைக்காசிலும் இதே கோடு. அதை என் வீட்டுக்காரர் கைதவறிக் கீழே போட்டு, ஷட்டரை அதன்மேலேயே இறக்கிவிட்டார். பத்து என்று எண் போட்ட பக்கம், மஞ்சள் வளையத்தில் பல் பட்டதுபோல் ஒரு வடு. அன்றைக்கு நான் திட்டிய திட்டு எர்ணாவூர்வரை கேட்டிருக்கும். வடுப்பட்ட காசைச் சேகரிப்பவர்கள் சீந்த மாட்டார்கள். அதனால்தான் எனக்குக் கொடுக்க மனசே வந்தது. தம்பி எபினேசர் எண்ணூரில் இரும்புத் தகட்டில் வாஷர் அடிக்கும் பட்டறை திறந்த அன்று, ஜெபம் முடிந்ததும், அவன் மேசை டிராயரில் கைராசிக்கு முதல் காசாக அதைப் போட்டேன். "செலவழிச்சுராதல" என்று சொன்னேன். பத்திரமாக வைத்திருப்பான்.

பிப்ரவரி 15

இன்னும் மூன்று! எல்லாவற்றிலும் அதே கோடு. ஷேர் ஆட்டோ ஓட்டும் டில்லிபாபு சிகரெட்டுக்குக் கொடுத்தது.

"இன்னாக்கா, மாப்ள பாக்கற மாரி காசைப் பாத்துகினு கீற?"

எங்கே வாங்கினாய் என்று கேட்டேன். "எண்ணூர் சவாரில வந்துச்சு. அந்தப் பக்கம் இப்போ இதான் பொயங்குது."

காசில் வருடம் 2016. ஆனால் நேற்று அடித்ததுபோல் மின்னுகிறது. இத்தனை வருடம் எங்கே தூங்கியது? ஏதாவது வங்கியில் கிடந்த மூட்டை இப்போதுதான் அவிழ்ந்திருக்கும்.

பிப்ரவரி 18

ஆலயத்துக்குத் தம்பி எபி வரவில்லை. லெந்து நோன்புக் காலத்தில் ஒரு ஞாயிறு தவறமாட்டான். அவன் பெண்டாட்டியைக் கேட்டால், "ஆர்டர் கூடிட்டு மதினி, பட்டறையிலயே கெடக்காவ" என்கிறாள். சொல்லும்போது என் முகத்தைப் பார்க்கவில்லை. பொங்கல்வரை வேலையே இல்லை என்று அழுதவன். சந்தோஷம்தான். ஆனால் வாஷருக்கு என்ன அப்படித் திடீர் கிராக்கி?

பிப்ரவரி 21

போட்டுவிட்டேன். நாணயம் சேகரிப்போர் வாட்ஸ்அப் குழுவில், நாலு காசையும் வெயிலில் வைத்து, இரண்டு பக்கமும் படம் எடுத்து. "புதிய வகை. திருவொற்றியூர், எண்ணூர் புழக்கத்தில் கிடைத்தது. கண்டுபிடித்தவர் ஜெஸ்லின் அஜின்." எங்கெங்கிருந்தோ வாழ்த்து வந்து குவிகிறது. என் பேர் இப்படி யார் வாயிலும் வந்ததில்லை. குழுவே மண்ணடியில் பழங்காசு விற்கும் தஹ்சீன் பாய் சொல்லுக்குத்தான் காத்திருக்கும். அவர் மட்டும் ஒன்றும் சொல்லவில்லை. பொறாமையா இருக்குமோ?

பிப்ரவரி 22

தஹ்சீன் பாய் போனே பண்ணிவிட்டார்.

"சிஸ்டர், கோடு சரி. அது அச்சோட குறை, எல்லாக் காசுலயும் வரும். ஆனா பின்பக்கம் ஒரு வடு இருக்கே, அதுவும் நாலுலயும் ஒரே எடத்துல இருக்கு. அடிபட்ட வடு நாலு காசுக்கும் எப்படிம்மா ஒண்ணு போல விழும்? யாரோ ஒரு காசை மாதிரியா வச்சு அச்சு எடுத்திருக்காங்க. இது கள்ளக்காசு. கையில வச்சுக்காதீங்க."

டப்பாவைக் கவிழ்த்தேன். கோட்டையே பார்த்துக்கொண்டிருந்த கண்ணுக்கு மறுபக்கம் தெரியவே இல்லை. மஞ்சள் வளையம். பல் பட்டதுபோல். நாலிலும்.

எங்க ஷட்டர் கடிச்ச வடு இது. நான்தான் அதை எபி டிராயர்ல போட்டேன்.

ஆண்டவரே, நான் என்ன செய்து வச்சிருக்கேன்.

பிப்ரவரி 23

பட்டறைக்குப் போனேன். டிராயரைத் திறந்தேன். காலி.

"ஏல எபி, நான் தந்த காசு எங்கல?"

என்னைப் பார்த்தான். பிறகு வாசலைப் பார்த்தான். பொய் சொல்லவில்லை.

"சத்தம் போடாதக்கா. வாஷர் ஆர்டர் நின்னு போச்சு. பட்டறைய இழுத்து மூடுத நெலமை. ரெண்டு பேரு வந்தானுவ, மாதிரிக்கு ஒரு காசு வேணும்னானுவ. கைக்கு அதான் ஆப்ட்டுது. ஒன் கடைப் பக்கம் ஒண்ணுகூட வரக்கூடாதுன்னு படிச்சுப் படிச்சுச் சொல்லியிருந்தேன்."

"பாவிப்பயலே, இன்னைக்கே நிறுத்தித் தொலை!"

"நிறுத்துனா அவனுவ என்னை விட மாட்டானுவக்கா." சிரிக்கப் பார்த்தான். "யாரு பாக்கப் போறா? காசைத் திருப்பிப் பாக்குறவ இந்த ஊர்லயே நீ ஒருத்திதான்."

பார்த்தேன்ல, பார்த்ததை ஊருக்கே காட்டிட்டேன்ல, என்று சொல்லி முடிப்பதற்குள் அழுதுவிட்டேன். அவன் திட்டவில்லை. வாஷர் மூட்டைமேல் உட்கார்ந்துவிட்டான்.

"எண்ணூர்னும் போட்டியாக்கா?"

போட்டேன்.

பிப்ரவரி 24

படத்தை அழித்தேன். அழித்து என்ன ஆகப்போகிறது? மதுரைக் குழுவில் சுற்றுகிறதாம். "திருவொற்றியூர் வகை" என்று பேரே வைத்துவிட்டார்கள். வீட்டுக்காரரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். கல்லாவை இழுத்துப் பார்த்துவிட்டு, "நம்ம கல்லாவுல இருந்து எத்தனை வெளிய போச்சுன்னு யாருக்குத் தெரியும்" என்றார்.

பிப்ரவரி 27

புதிய ஆள் ஒருவர். சட்டையை மடிப்புக் கலையாமல் உள்ளே விட்டிருந்தார். ஒரு சோப்பு வாங்கிக்கொண்டு நூறு ரூபாய் நீட்டினார். "மீதியைப் பத்து ரூபா காயினா குடுங்க, பரவால்ல."

இந்த ஊரில் யாரும் அப்படிக் கேட்டதில்லை. டப்பாவிலிருந்து எடுக்கவில்லை, கல்லாவிலிருந்துதான் கொடுத்தேன். வாங்கியவர் சிங்கத்தைப் பார்க்கவே இல்லை. நேரே எண் பக்கம் திருப்பி, மஞ்சள் வளையத்தில் கட்டைவிரலை ஓட்டினார்.

"நீங்கதானே ஜெஸ்லின்?" என்றார்.

பிப்ரவரி 28

எபி போனை எடுக்கவில்லை.

மார்ச் 1

டில்லிபாபு ஆட்டோவை நிறுத்தாமலே கத்திவிட்டுப் போனான். "யக்கா, உன் தம்பி பட்டறையாண்ட போலீஸ் ஜீப்பு நிக்கிது. ஜனம் கூடிகினு கீது, சீக்கிரம் வா!" நான் போனபோது எபியைக் கொண்டுபோய்விட்டார்கள், பட்டறை பூட்டி சீல் வைத்திருந்தது. அவனிடம் மாதிரி கேட்ட அந்த இரண்டு பேரைப் பற்றி யாருக்கும் ஒன்றும் தெரியவில்லை.

ஏப்ரல் 10

புழல் சிறைக்குப் போய்வந்தேன். எபி மெலிந்திருந்தான். வக்கீல், ஜாமீன் என்று நான் ஏதேதோ சொன்னேன். அவன் கேட்டுக்கொண்டே இருந்துவிட்டு, கிளம்பும்போது சொன்னான்: "அந்த முதல் காசு கோர்ட்ல கெடக்குக்கா. ஒனக்குத் திருப்பித் தர மாட்டாங்களாம்." அதற்காக என்னிடம் மன்னிப்புக் கேட்கிறவன்போல் சொன்னான்.

வந்து கடையைத் திறந்தேன். பட்டம்மாள் உப்பு கேட்டு, முந்தானை முடிச்சை அவிழ்த்துப் பத்து ரூபாய்க் காசை வைத்தாள். என் விரல் தானாக நீண்டது. மடக்கிக்கொண்டேன்.

"வேண்டாம்மா. நோட்டா குடுங்க."

"இன்னாமே இது! சர்க்கார் அடிச்ச காசுன்னு என்னாண்ட அந்தச் சண்டை போட்டியே. இன்னிக்கு இன்னா வந்துச்சு உனுக்கு?"

காசைத் திருப்பிப் பார்க்காமலே அவள் பக்கம் தள்ளினேன்.

"செல்லாதும்மா" என்றேன்.