நிழற்கோலும் இடைச்சுவரும்

அளவற்ற அருளாளனாகிய அல்லாஹ்வின் திருப்பெயர் முன்னிற்க.

கடல்சூழ் நீலத்துறை நாட்டை ஆளும் செய்யிதா நாச்சியாராகிய நாம், எம் இளவலும் வடதுறை அதிபதியுமான மீராசா மரைக்காயருக்கு விடுக்கும் ஓலை. உமக்கும் உம் மனையாருக்கும் மக்களுக்கும் சலாம் உண்டாவதாக; உம் துறையில் மழையும் மீனும் குறையாதிருப்பதாக.

தம்பீ, உம் விண்ணப்பம் கண்டோம். மார்க்கம் ஓதும் பள்ளிக்கும் மாலுமிக் கணக்குப் பள்ளிக்கும் நடுவே சுவர் எழுப்பியும் பூசல் ஓயவில்லை என்றும், புதிய பள்ளிவாசலின் கிப்லாவாகிய தொழும் திசை பிழைபட்டதென மார்க்க நீதிபதியாம் காழியார் இபுறாகீம் லெப்பையிடமே சொல்லத் துணிந்த கணக்காசான் உதுமான் நெய்னாவை நாடுகடத்தி, அவர் பள்ளியைப் பூட்ட ஆணை வேண்டுமென்றும் எழுதியிருந்தீர். எலிக்குப் பயந்து வீட்டைக் கொளுத்தும் எண்ணம் உமக்கன்றி யாருக்கு வரும்!

உம் தூதன் பின்னாலேயே காழியாரின் ஓலையும் வந்து சேர்ந்தது. மக்கா மேற்கே உள்ளதென்று, மார்கழி மாதத்தில் கதிரவன் மறைந்த இடத்தை நோக்கிப் பள்ளிவாசலின் அடித்தளத்துக்கு வானம் தோண்டச் செய்தாராம். மார்கழிக் கதிரவன் தெற்கே ஒதுங்கி மறைவதைச் சுவருக்கு அப்பாலிருந்த கணக்கு மாணாக்கர் எல்லோரும் அறிவர்; இப்பால் வந்து சொல்ல உம் காவலர் விட்டால்தானே! உதுமான் நெய்னா வாதாடவில்லை. நண்பகல் கடந்து தொழும் லுஹர் தொழுகையின் நேரமறியக் காழியார் நட்டிருந்த கோலின் நண்பகல் நிழல்மேல் ஒரு கோடு கீறி, இதுவே வடக்கென்றும், இதைக்கொண்டு மக்காவின் திசையை அளக்கலாமென்றும் பணிந்து கூறினாராம். நாள்தோறும் அந்நிழலில் நேரத்தைக் கண்ட தாம் திசையைக் காணாது போனதாகவும், அவ்வாசானை அனுப்பினால் தாமும் பதவி துறந்து உடன் செல்வதாகவும் காழியார் எழுதியிருந்தார். படித்து நெஞ்சம் குளிர்ந்தோம். இப்படியொரு காழி வாய்த்த நாட்டுக்கு என்ன குறை?

ஆதலால் எம் ஆணை யாதெனில், உதுமான் நெய்னா அங்கேயே இருப்பார். சுவரை இடித்து, அக்கல்லைப் பள்ளிவாசலின் திருத்திய அடித்தளத்தில் இடுக. ஓதுவோர் மாலையில் கணக்குப் பயில்க. கணக்குப் பயில்வோர் காலையில் ஓதுக. காழியார் நெய்னாவிடம் திசைக்கணக்குக் கற்க விரும்புகிறார். நெய்னாவோ தம் ஓதலைக் காழியார் திருத்தித் தரவேண்டும் என்கிறார். இரண்டுமே வாராத நீர் இரு வகுப்பிலும் முன்வரிசையில் அமர்க.

தமக்கையின் கேலியென்று இதைத் தள்ளிவிடாதீர். அரசாணைக்குரிய சங்கு முத்திரை இட்டிருக்கிறோம்.