கோட்டு யாரோடது?

6-6-1976, ஞாயிறு

இன்று வீட்டில் கூடியவர்கள்: நான், என் வீட்டுக்காரர் அப்பாவு, அவர் தம்பி சீனி, அக்கா முத்தம்மா, தஞ்சோங் மாலிமிலிருந்து பஸ் ஏறி வந்த பத்துமலை அண்ணன். ஐந்து பேர். முருகன் படத்தையும் சேர்த்தால் ஆறு.

பத்துமலை அண்ணன் ஒரு பெண் பார்த்திருக்கிறார். பெயர் நல்லம்மாள், வயது இருபத்தொன்பது, தையல் வேலை. சீனி தம்பிக்கு முப்பத்தைந்து. இதற்கு முன் வந்த இரண்டு இடமும் தம்பி உறுமி மேளம் அடிப்பவர் என்ற பேச்சு வந்ததும் நின்றுபோயின.

“முதல்ல படம் ஒண்ணு அனுப்பச் சொல்றாங்க லா. புடிச்சிருந்தா மத்ததப் பேசலாம்” என்றார் பத்துமலை அண்ணன்.

முத்தம்மா அக்கா உடனே சட்டம் போட்டுவிட்டார். “உறுமி கண்ணுலயே படக்கூடாது. சாவு வீட்டுல அடிக்கிறவனுக்கு எவன் பொண்ணு குடுப்பான்? பலகை ஆலையில வேலைன்னு மட்டும் சொல்லுங்க. வீரம்மா, டவுன்ல நிக்க வச்சு எடு. கோட்டு போட்டு.”

அடகுக் கடையில் மூழ்கிப்போன கேமராவை என் வீட்டுக்காரர் எனக்கு வாங்கித் தந்து நான்கு வருடம். கூட இருந்த சின்னப் புத்தகத்தை எழுத்துக் கூட்டிப் படித்துத்தான் கற்றேன். சரி என்றேன். சீனி தம்பி உறுமிக் கயிற்றை இழுத்துக் கட்டிக்கொண்டே இருந்தார்.

13-6-76, ஞாயிறு

ஈப்போ டவுன். பிலிம் ஒன்று, படம் பன்னிரண்டு. கணக்கு:

1, 2, 3 – ரயில் நிலையத்தின் முன். தம்பி கண்ணை மூடிவிட்டார்.
4 – மணிக்கூண்டு. பரவாயில்லை.
5, 6 – அஞ்சடி நடைபாதையில், துணிக்கடை ஓரம். வியர்வை.
7 – யாருடையதோ ஒரு கார் பக்கத்தில். கார்க்காரச் சீனர் கடையிலிருந்து ஓடி வந்தார், திட்டப் போகிறார் என்று பயந்தேன். கைக்குட்டையால் காரைத் துடைத்துவிட்டு, “இப்ப எடு லா” என்றார்!
8 முதல் 12 – நின்றார், எடுத்தேன்.

கோட்டு, என் வீட்டுக்காரர் தான் வேலை செய்யும் டிப்போவில் கணக்கெழுதும் கிராணியிடம் இரவல் வாங்கியது.

“கைய எங்க வைக்கிறது அண்ணி?”

ஒவ்வொரு படத்துக்கும் அதே கேள்வி. கடைசியில் எரிச்சலில், “பின்னால கட்டிக்கங்க தம்பி” என்றேன். கட்டிக்கொண்டார். ஏன் அப்படிச் சொன்னேன்?

19-6-76, சனி

படங்கள் வந்தன. நான்காவதுதான் நன்றாக இருக்கிறது. ஆனால் வியர்வையில் திருநீறு அழிந்து, நெற்றி வெறுமையாகக் கிடந்தது. மனது கேட்கவில்லை. பூஜை முடிந்ததும் கடிதத்தின் நான்கு மூலையிலும் மஞ்சள் தடவி, படத்தில் தம்பி நெற்றியிலும் ஒரு குங்குமப் பொட்டு வைத்தேன். தபாலில் போட்டாயிற்று. முருகா, நீதான்.

4-7-76

பதில் இல்லை.

11-7-76, ஞாயிறு

எழுதவே கை கூசுகிறது.

பத்துமலை அண்ணன் படத்தோடு திரும்பி வந்தார். உட்காரக்கூட இல்லை. “பொண்ணோட அப்பா ஐயாவு என்ன கேட்டாரு தெரியுமா? ‘செத்துப்போன அண்ணன் படத்த அனுப்பிட்டு, தம்பிக்குப் பொண்ணு கேக்குறாங்களா?’ன்னாரு!”

நான் சுவரைப் பார்த்தேன். மறைந்த மாமனார் படம். வெள்ளிதோறும் நான் வைக்கும் பொட்டு, அதே இடத்தில். எனக்கு எப்படித் தோணாமப் போச்சு? உயிரோட இருக்கிற புள்ளைக்கு நானே… ஐயோ.

முத்தம்மா அக்கா தலையில் அடித்துக்கொண்டார். சீனி தம்பிதான் சிரித்தார். “ஊர்ச் சாவுக்கெல்லாம் அடிச்சேன். என் சாவுக்கு மட்டும் சத்தமே இல்லாமப் போச்சே, அண்ணி.” சிரித்துக்கொண்டே பின்பக்கம் போனார். வெகுநேரம் உள்ளே வரவில்லை.

பிறகு பத்துமலை அண்ணன் என்னிடம் தனியாகச் சொன்னார். அந்தப் பெண் படத்தை வாங்கிப் பார்த்திருக்கிறாள். “முகம் நல்லாத்தான் இருக்கு. தோள் தையல் இவ்வளவு எறங்கியிருக்கே, கோட்டு யாரோடது? கை எங்க?” என்றாளாம்.

கோட்டு யாரோடது. நாள் முழுக்க அதே நினைப்பு. ஒரு தையற்காரியிடம் இரவல் கோட்டைக் காட்டினோம்.

1-8-76, ஞாயிறு

புந்தோங்கில் அம்மன் ஊர்வலம். யாரையும் கேட்கவில்லை. கேமராவை முந்தானையில் மறைத்துக்கொண்டு போனேன்.

தம்பி செருப்பைக் கழற்றி ஓரமாக வைத்தார். உறுமியின் தோலில் பொட்டு வைத்துக் கும்பிட்டார். அடித்தார். மோட்டார் சைக்கிள்கள் எல்லாம் நின்றுவிட்டன. தார் ரோடு கொதிக்கிறது, அந்தக் கால்கள் நிற்கவே இல்லை. என்னைப் பார்த்ததும், “அண்ணி, கோட்டு இல்லையே!” என்று கத்தினார். அந்தச் சிரிப்போடு எடுத்தேன். அப்போது கையை எங்கே வைப்பது என்று அவர் கேட்கவில்லை.

7-8-76, சனி

ஸ்டூடியோக்காரர் அந்தப் படத்தைத் தர யோசித்தார். “கை ஆடிப்போச்சு கா. கெட்டுப்போன படம்.” அதுதான் வேண்டும் என்றேன். முகம் அப்படியே இருக்கிறது. கைகள் இரண்டும் புகை மாதிரி.

முத்தம்மா அக்கா ரொம்ப நேரம் பார்த்தார். திட்டு விழும் என்று நின்றேன்.

“சட்டை கக்கத்துல கிழிஞ்சிருக்கு.”

“ஆமாக்கா.”

“இருக்கட்டும். தைக்கத் தெரிஞ்ச பொண்ணுதானே.”

பூஜை முடித்தேன். பழக்கத்தில் விரல் குங்குமச் சிமிழுக்குப் போயிற்று. என் நெற்றியிலேயே வைத்துக்கொண்டேன். கடிதத்துக்கு மட்டும் மஞ்சள். எழுதியதை இங்கேயும் படி எடுத்து வைக்கிறேன்:

“ஐயாவு அண்ணன் அவர்களுக்கு வீரம்மா வணக்கம். படத்தில் இருப்பவர் சீனி. நல்ல சுகத்தோடு இருக்கிறார். முன் படத்தில் பொட்டு வைத்தது என் தவறு, கோட்டு இரவல். இந்தச் சட்டை அவருடையது. பலகை ஆலையில் வேலை, உறுமியும் அடிப்பார். கோயிலுக்கும் போவார், சாவு வீட்டுக்கும் போவார். அடித்துக்கொண்டிருந்ததால் கை தெளிவாக விழவில்லை. நல்லம்மாளிடம் காட்டுங்கள். எதுவானாலும் சீக்கிரம் பதில் எழுதவும்.”