நான்கு மூலையிலும் மஞ்சள்

மார்ச் 5, 2006
வாலாஜாபாத்தில் பெண் பார்த்தோம். பெயர் துர்காதேவி. முகம் நினைவில்லை. அவர்கள் வீட்டு மின்விசிறி ஒவ்வொரு சுற்றுக்கும் ஒரு 'டக்' போட்டது. அது இன்னும் கேட்கிறது.

வரன் பார்த்துக் கொடுக்கும் சபாபதி மாமா திரும்பும் வழியில்: "ஃபேனையே பாத்துக்கினு இருந்தியேபா. கரண்ட் ஆபீஸ்லேர்ந்து வந்த ஆளுன்னு நெனச்சிருப்பாங்க."

ஜாதகம் பிரமாதமாகப் பொருந்துகிறதாம்.

மார்ச் 9
பிரவுசிங் சென்டர். ஆட்டிசம். என் சொந்த ரகசியம் என்று நினைத்திருந்ததையெல்லாம் யாரோ ஆங்கிலத்தில் எழுதி வைத்திருக்கிறார்கள். கொஞ்சம் அவமானம். நிறைய நிம்மதி. எம்.ஏ. தத்துவம் தராத ஒரு சொல்.

ஆனால் அதை நானே எனக்குச் சூட்டிக்கொள்ளலாமா?

மார்ச் 14
உள்ளூர் டாக்டர் சிரித்தார். "அது கொழந்தைங்களுக்கு வர்றதுபா. நீ காலேஜ்ல பாடம் நடத்துற ஆளு." வைட்டமின் மாத்திரை. கல்யாணம் ஆனால் சரியாகிவிடுமாம்.

எது சரியாகும் என்று அவரும் சொல்லவில்லை.

ஏப்ரல் 8
சென்னை. தனியார் கிளினிக். எல்லாம் குட்டி நாற்காலிகள். உட்கார்ந்தால் முழங்கால் மோவாயைத் தொடுகிறது. வரவேற்பில் இருந்த லில்லி, "பேஷண்ட் எங்க சார்?" என்றார். நான்தான். "இல்ல சார், கொழந்த?"

டாக்டர் பொறுமையாகக் கேட்டார். ஆனால் என் வாய்மொழி மட்டும் போதாதாம். சிறு வயதில் என்னைப் பார்த்தவர் வந்து சொல்ல வேண்டும்.

அம்மா. என்னைப் பற்றி ஒரு குறை சொல்வாளா? முடிந்தது கதை.

ஏப்ரல் 22
அம்மா முகூர்த்தப் பட்டு கட்டிக்கொண்டு வந்தாள். பெண் வீட்டார் டாக்டரை வைத்து விசாரிக்கிறார்கள் என்று அவளாகவே முடிவு செய்துவிட்டாள். மறுக்கலாம். அந்தச் சொல்லைச் சொல்லாமல் எப்படி மறுப்பது?

"சின்ன வயசுல எப்படிம்மா?"

"தங்கம் டாக்டர். எந்தப் பிள்ளையோடயும் சேர மாட்டான், சண்டையே கெடையாது. தறிக்கு ஜரிகை சுத்தற கட்டைய வரிசையா அடுக்கிக்கினே இருப்பான். ஒண்ண நகத்தினா போதும், ஊரையே கூட்டிடுவான். அவ்ளோ நேர்த்தி. தறி ஓடினாத்தான் தூங்குவான். கருட சேவைக்கு வேட்டுப் போட்டா காதப் பொத்திக்கினு என் முந்தானைக்குள்ள பூந்துப்பான். அவ்ளோ அடக்கம். இப்பவும் யாரையும் நிமிர்ந்து பாக்க மாட்டான்."

ஒவ்வொரு பெருமைக்கும் டாக்டர் ஒரு டிக் போட்டார்.

பஸ்ஸில் அம்மாவுக்குப் பூரிப்பு: "அத்தனையும் டிக்குடா. ஒண்ணுகூட தப்புப் போடல."

மே 13
ரிப்போர்ட் வந்தது. அந்தச் சொல் இருக்கிறது.

சர்வதீர்த்தக் குளத்தைச் சுற்றி நடந்தேன். குளம் அப்படியேதான் இருந்தது.

மே 16
மேஜையில் ரிப்போர்ட் இல்லை.

நான்கு மூலையிலும் மஞ்சள் தடவி, ஜாதகத்தோடு சேர்த்து, அம்மா சபாபதி மாமாவிடம் கொடுத்தனுப்பியிருக்கிறாள். இங்கிலீஷில், சீலோடு இருந்ததாம். நல்ல சர்டிபிகேட்டாம்.

"அய்யோ அம்மா, என்ன பண்ணி வச்சிருக்கே? அது இன்னான்னு தெரியுமா ஒனக்கு?"

சொன்னேன். அந்தச் சொல்லை, முதல் முறையாக, வாய்விட்டு.

கழுவிய பாத்திரத்தையே திரும்பக் கழுவினாள். பிறகு, "நான் நல்லதுதானேடா சொன்னேன்?"

ஆமாம்மா என்றேன். அது பொய்யில்லை.

மே 25
ஜாதகம் திரும்பி வந்தது. பொருந்தவில்லையாம். மார்ச்சில் பொருந்திய கிரகங்கள்.

ரிப்போர்ட் வரவில்லை. யாரைக் கேட்பது?

ஜூன் 4
போன். "துர்காதேவி பேசறங்க. வாலாஜாபாத்."

ரிசீவரை மற்றக் காதுக்கு மாற்றினேன்.

"ரிப்போர்ட் எங்கிட்டதான் இருக்குது. தப்பா நெனைக்காதீங்க. எங்க வீட்டு ஃபேன் சத்தம் அன்னிக்கு உங்களுக்குக் கேட்டுதா?"

கேட்டது என்றேன். இன்னும் கேட்கிறது என்றேன்.

"இங்க யாருக்கும் கேக்கலையாம். எனக்குத்தான் கோளாறுங்கறாங்க." பிறகு, "டாக்டர் நம்பர் மேல மஞ்சள் பட்டிருக்குது. கடைசி ரெண்டு நம்பர் தெரியல. சொல்றீங்களா?"

சொன்னேன்.

"பெரியவங்களையும் பாப்பாரா?"

"பார்ப்பார். நாற்காலிதான் சின்னது."

அதற்குப் பிறகு அவளும் பேசவில்லை, நானும் பேசவில்லை. யாரும் போனை வைக்கவுமில்லை.

அடுப்படியிலிருந்து அம்மா: "இன்னாடா, லைன் கட்டாயிடுச்சா?"

"இல்லம்மா. பேசிக்கினுதான் இருக்கோம்."