எரிச்சல் என்றொரு சொல்

இன்று பள்ளி விட்டுச் சைக்கிளில் வரும்போது, பனவடலிசத்திரத்துப் பாதையோரம் ஒரு புற்று இடிந்து கிடந்தது. மத்தியானம் பெய்த மழையில் ஊறிய மண். அந்த வாடை மூக்கில் ஏறியதும் காலை ஊன்றி நின்றுவிட்டேன். நீ போய்ப் பதினோரு மாதம் ஆகிறது. உயிரோடு இருந்தபோது உன்னிடம் சொல்லாமல் வைத்திருந்த ஒன்றை இன்று சொல்லிவிட வேண்டும்.

அப்போது நான் சங்கரன்கோவில் சபையில் உபதேசியார். முப்பது குடும்பம் இருக்கும். குருவானவர் மாதம் ஒருமுறை வந்து நற்கருணை கொடுத்துவிட்டுப் போவார். மற்ற நாளெல்லாம் ஜெபமும் பிரசங்கமும் என் பொறுப்பு. நீ ராயகிரியில் உழுது பிழைக்கும் சம்சாரி வீட்டுப் பெண். நம் கல்யாணத்துக்கு மூன்று மாதம் முன்புதான் ஞானஸ்நானம் வாங்கினாய். "இதுவரைக்கும் கும்பிட்ட சாமியெல்லாம் கோவிச்சுக்கிடாதா?" என்று கேட்டாய். அதெல்லாம் சாமியே இல்லை என்றேன்.

நம் மகள் கிருபாவுக்கு மூன்று வயதில் கரப்பான் புண் வந்தது. முழங்கை மடிப்பில் தொடங்கிக் கழுத்து, முதுகு என்று ஏறியது. ஆஸ்பத்திரிக் களிம்பை இரண்டு மாதம் தடவினோம். ஆடி மாதம் புண் சீழ் வைத்துக் காய்ச்சலும் கண்டது. படுக்கவைத்தால் முதுகு ஒட்டிக்கொள்ளும் என்று நீ அவளைத் தோளிலேயே போட்டு நடந்தாய். ஆடித் தபசுத் திருவிழாவுக்கு வந்த கூட்டம் வாசலைக் கடந்து கோயிலுக்குப் போய்க்கொண்டே இருந்தது.

ஒரு மத்தியானம் நான் வீட்டுக்குள் நுழைந்தபோது பிள்ளையின் உடம்பெல்லாம் மண் பூசியிருந்தது. பக்கத்து வீட்டுத் தறிக்காரர் மனைவி கோமதி கையில் கிண்ணத்தோடு நின்றாள். தோல் நோய்க்குப் பூசுகிற கோயில் புற்றுமண் என்று கேட்காமலே தெரிந்தது.

"யாரைக் கேட்டுப் பூசினே?" என்று உன்னிடம் கத்தினேன்.

"பிள்ளையத்தான் கேட்டேன். எரியுதுன்னா. பூசினேன்."

அந்த வாரம் சபைக்கு நான் எடுத்த பாடம் பத்துக் கட்டளை. நம் தேவன் எரிச்சலுள்ளவர், வேறு தெய்வத்தை நாடினால் அந்தக் குற்றத்தைப் பிள்ளைகள் வரைக்கும் விசாரிப்பார் என்று என் வாயாலேயே சொல்லியிருந்தேன். இப்போது என் பிள்ளை என் கண்முன்னால் காய்ச்சலில் துவண்டு கிடந்தாள். அவளைப் பிடுங்கிக்கொண்டு போய்த் தொட்டித் தண்ணீரில் கழுவினேன். காய்ந்த மண்ணோடு புண்ணின் பொருக்கும் பெயர்ந்து வந்தது. அவள் போட்ட கூச்சலில் தெருவே எட்டிப் பார்த்தது.

கோமதி மட்டும் நின்ற இடத்தில் நின்றாள். "எங்க கோயில்ல ரெண்டு சாமியும் ஒரே உடம்புல நிக்காவ, ஒருத்தருக்கொருத்தர் எரிச்சல் இல்ல. உங்க சாமி ஒத்தையிலதான இருக்காரு. அவருக்கு யாரு மேல எரிச்சல், அண்ணாச்சி?"

வெளியே போகச் சொன்னேன்.

இதைக் குருவானவரிடம் யார் சொன்னது என்று நீ ஒருநாளும் கேட்கவில்லை. தெருவில் பார்த்தவர்கள் யாரோ என்று நினைத்திருப்பாய். நான்தான் சொன்னேன். மறைத்தால் பிள்ளை போய்விடுவாள் என்ற பயத்தில், அவர் வந்து இறங்கிய உடனே போய்ச் சொன்னேன்.

அந்த ஞாயிற்றுக்கிழமையும் காய்ச்சல் விடவில்லை. பிள்ளையைத் தோளில் போட்டபடி நீ சபை நடுவில் நின்றாய். "தெரியாமச் செஞ்சிட்டேன்னு ஒரு வார்த்தை சொல்லும்மா, போதும்" என்றார் குருவானவர், தணிந்த குரலில்தான்.

"தெரிஞ்சுதான்யா செஞ்சேன்."

பெண்கள் பக்கம் ஒரு சலசலப்பு எழுந்து அடங்கியது. நீ என்னைப் பார்க்காமலே பேசினாய்.

"இவரு வேற பொம்பளகிட்டச் சிரிச்சுப் பேசினா எனக்கும் எரியும். எம் புருசன்னுதான் எரியுது, ஊரான் புருசன்னா எரியுமா? சாமிக்கு எம்மேல எரிச்சல்னா, நான் அவருக்கு வேணும்னுதான அர்த்தம். அது எனக்கு விளங்குது. ஆனா இவரு மேல உள்ள எரிச்சல்ல நான் இவரு பெத்த பிள்ளைக்குச் சோறு போடாம இருப்பனா? கேக்கணும்னா சாமி என்னக் கேக்கட்டும். பிள்ள மேல ஏன் கைவைக்காரு? அவருக்கும் ஒரு பிள்ள இருந்தாருல்லா? அந்த நோவு அவருக்குத் தெரியாமலா இருக்கும்?"

குருவானவரின் முகம் இறுகியது. மனந்திரும்பும் வரை உனக்கு நற்கருணை இல்லை என்று சொல்லிவிட்டார். எழுந்து உன் பக்கத்தில் வந்து நிற்க எனக்கு நாலடி தூரம். நான் தலையைக் குனிந்துகொண்டு உட்கார்ந்திருந்தேன்.

பிறகு காய்ச்சல் இறங்கியது. மெல்ல மெல்லப் புண்ணும் ஆறியது. களிம்போ, மண்ணோ, ஆடி கழிந்து வெயில் தணிந்ததோ, எனக்குத் தெரியாது. நீயும் சொல்லிக்காட்டவில்லை, கோமதியும் சொல்லிக்காட்டவில்லை. அந்த ஒரு மாதம் நீ எனக்குச் சோறு போட்டாய், துணி துவைத்தாய், என்னிடம் பேச மட்டும் செய்யவில்லை.

அடுத்த நற்கருணை ஆராதனையில் எல்லாரும் முன்னால் போய் முழங்காலிட, நீ மட்டும் பின்பாயில் பிள்ளையோடு உட்கார்ந்திருந்தாய். குருவானவருக்குத் துணையாகத் தட்டைப் பிடிக்க வேண்டியவன் நான். தட்டை மேசைமேல் வைத்துவிட்டு, ஆண்கள் பக்கத்தைத் தாண்டி, பெண்கள் பாயில் வந்து உன் பக்கத்தில் உட்கார்ந்தேன். எல்லாக் கண்ணும் என் மேல் திரும்பின. "என்ன செய்திய, எந்திரிங்க" என்று நீ பல்லைக் கடித்துச் சொன்னாய். நான் எழுந்திருக்கவில்லை. அந்த மாதத்தோடு உபதேசியார் வேலை போயிற்று. குருவிகுளம் பக்கம் ஒரு பள்ளிக்கூடத்தில் வாத்தியார் வேலை கிடைத்துப் பிழைத்துக்கொண்டோம்.

வயிற்றில் கட்டி என்று உன்னை ஆஸ்பத்திரியில் சேர்த்த கடைசி வாரம், கிருபாவை வெளியே அனுப்பிவிட்டு என்னிடம் சொன்னாய்: "நீங்க வேற ஒருத்தியக் கட்டிக்கிடுங்க."

"என்ன பேச்சு இது?"

"எனக்கு எரியும். இப்ப நெனைச்சாலே எரியுது. எரிஞ்சா எரிஞ்சிட்டுப் போவுது. நீங்க ரெண்டு பேரும் அனாதையாக் கெடக்கப்படாது."

நான் யாரையும் கட்டிக்கொள்ளவில்லை. ஆனால் அன்றைக்குத்தான், எட்டு வருஷம் பிரசங்கம் பண்ணியும் எனக்குப் பிடிபடாத அந்தச் சொல் பிடிபட்டது. எரிவது நீ. எரிந்துகொண்டே எங்களுக்கு நல்லது நினைத்ததும் நீ. தேவனுடைய எரிச்சலும் அப்படி ஒன்றாக இருக்குமானால் அவரைக் குறைசொல்ல எனக்கு வாயில்லை. பிள்ளைகள் வரைக்கும் விசாரிப்பார் என்கிற மிச்ச வரிதான் இன்னும் விளங்கவில்லை. பிள்ளை மேல் ஏன் கைவைக்கிறார் என்று நீ அன்று சபையில் கேட்டதற்கு யாரும் பதில் சொல்லவில்லை.

காலை ஜெபத்தில் இப்போது கிருபாதான் வாசிக்கிறாள். கட்டளைகளில் அந்த இடம் வரும்போது என்னை அறியாமல் அவள் கையை இறுக்கிப் பிடித்துக்கொள்கிறேன். "யப்பா, கை வலிக்கி" என்கிறாள். வாசித்து முடிக்கும்வரை நான் விடுவதில்லை.